"ஒரு தடவை புகை வெச்சு விடுங்க டாக்டர்"

கொஞ்சம் நீளமான இழை. சளி, இருமல், இளைப்புன்னு வந்தா உடனே நெபுலைசரைத் தூக்குற வீடா உங்க வீடு? அப்ப முழுசா படிச்சிடுங்க. சிலருக்குக் கோபம் வரும். என் சக மருத்துவர்கள் சிலருக்கும் வரும். வரட்டும்.

முதல்ல ஒரு விஷயம். நெபுலைசர் மருந்து இல்லை. அது ஒரு கருவி. திரவ மருந்தை நுண்துளிகளா உடைச்சு, மூச்சு வழியா உள்ளே அனுப்புற ஒரு மோட்டார். சிரிஞ்ச் எப்படி மருந்து இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

"நேத்து எனக்கு ஊசி போட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, "என்ன ஊசி?"ன்னு கேப்பீங்கதானே? ஆனா "குழந்தைக்கு மூணு நாளா புகை வெச்சோம்"னு சொல்றவங்ககிட்ட "உள்ளே என்ன மருந்து ஊத்துனீங்க?"ன்னு கேட்டா, பெரும்பாலும் பதில் வராது. "அந்தக் குட்டி பிளாஸ்டிக் குப்பிங்க டாக்டர், மெடிக்கல்ல குடுத்தாங்க."

அந்தக் குட்டி குப்பியில் சால்பியூட்டமால் இருக்கலாம். அதோட தம்பி லெவோசால்பியூட்டமால் இருக்கலாம். ஐப்ராட்ரோபியமும் சேர்ந்த கலவை இருக்கலாம். புடசனைடு என்ற ஸ்டீராய்டு இருக்கலாம். வெறும் உப்புத் தண்ணியாகவும் இருக்கலாம். ஒவ்வொண்ணும் செய்யுற வேலை வேற, எடுத்துக்குற நேரம் வேற. எல்லாத்தையும் "புகை"ன்னு ஒரே பேர்ல கூப்பிட ஆரம்பிச்சதுலதான் வினையே ஆரம்பிச்சது.

நான் மல்லுக்கட்டுறது மெஷினோட இல்லை. ரெண்டு கேள்வி கேக்காம அந்த மெஷினை ஆன் பண்றதோடதான். உள்ளே என்ன மருந்து? அடைப்பு எங்கே?

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அதனால அதை முதல்ல எடுத்துக்கறேன்.

காவிரிப் பாசனம் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமா புரியும். வயலுக்குத் தண்ணி வரலைன்னா, தலைமடையில் மதகு அடைச்சிருக்கலாம். இல்லை கடைமடையில் வாய்க்கால் தூர்ந்து போயிருக்கலாம். ரெண்டுலயும் பயிர் வாடும். ஆனா மதகுல மரம் விழுந்து கிடக்கும்போது கடைமடையில் நின்னு தூர் வாரினா என்ன பிரயோஜனம்?

நம்ம மூச்சுப் பாதையும் அப்படித்தான். குரல்வளை, அதுக்குக் கீழே பெரிய மூச்சுக்குழாய். இது தலைமடை. அது ரெண்டா, நாலா, எட்டா பிரிஞ்சு பிரிஞ்சு நுரையீரலுக்குள்ளே மெல்லிய குழாய்களா போகும். அது கடைமடை. ஆஸ்துமா கடைமடை நோய். அந்தச் சின்னக் குழாய்களைச் சுத்தித் தசை இருக்கு. அது இறுகும், உள்சுவர் வீங்கும், சளி கட்டும். சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிஷத்துக்குள்ளே வேலையைத் தொடங்கி, நாலு முதல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சரியான இடத்தில் அது அற்புதமான மருந்து. எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு.

ஆனா தலைமடையில் இருக்கிற அடைப்பு பெரும்பாலும் தசை இறுகினதால வர்றது இல்லை. அங்கே வீக்கம் இருக்கும், தழும்பு இருக்கும், கட்டி இருக்கும், சிக்கிக்கிட்ட ஏதாவது பொருள் இருக்கும். தளர்த்துறதுக்குத் தசையே இல்லாத இடத்தில் தசை தளர்த்தும் மருந்தை ஊதினா என்ன ஆகும்? நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். அடைப்பு அப்படியே இருக்கும்.

கதையா சொல்றேன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கிறது இது.

பூச்சிமருந்து குடிச்சிட்டு, இல்லைன்னா பைக்ல விழுந்து தலையில் அடிபட்டு, ஐசியூவில் பல நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைச்சு வர்றவங்க எத்தனை பேர்! அவங்க தொண்டை வழியா ஒரு டியூப் போயிருக்கும். அந்த டியூப் நகராம இருக்க, காத்து கசியாம இருக்க, நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். அந்த பலூன் மூச்சுக்குழாய் சுவரை ரொம்ப நேரம் அழுத்தினா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். வளையத்தை யாரோ உள்ளே இருந்து இறுக்குற மாதிரி குழாய் குறுகிக்கிட்டே வரும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய், சில வாரமோ சில மாசமோ கழிச்சுத்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். 2020, 2021 கொரோனா அலைகளுக்கு அப்புறம் உலகம் முழுக்க இந்தப் பிரச்சினையோட நோயாளிகள் வந்தாங்க.

அவங்களுக்கு என்ன நடக்குது? மாடி ஏறினா மூச்சு வாங்குது, சத்தம் வருது. பக்கத்து கிளினிக். "வீஸிங் இருக்கு, புகை வெச்சுக்கோங்க." ஒரு வாரம். குறையல. அடுத்த கிளினிக். "ஆஸ்துமா ஆரம்பம்." இன்னொரு புகை. ஒரு ஊசி. வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கிடுறாங்க. மாசங்கள் ஓடுது. யாருமே "இதுக்கு முன்னாடி வென்டிலேட்டர்ல இருந்தீங்களா?"ன்னு கேக்கல. நோயாளிக்கும் அதைச் சொல்லணும்னு தோணல. பூச்சிமருந்து விஷயம்னா சொல்லக் கூச்சம் வேற.

இங்கே கணக்கு ரொம்பக் கொடூரமானது. குழாயோட விட்டம் பாதியா குறைஞ்சா மூச்சு இழுக்கிற சிரமம் ரெண்டு மடங்கு ஆகாது. சீரான ஓட்டக் கணக்குப்படி பதினாறு மடங்கு ஆகும். பெரியவங்க மூச்சுக்குழாய் ஒண்ணரை முதல் ரெண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதனால ஆரம்பத்தில் குறுகினாலும் உடம்பு சமாளிச்சிடும். எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்தாத்தான் நடக்கும்போது மூச்சு வாங்கும். ஐந்துக்கு வந்துட்டா சும்மா உக்காந்திருக்கும்போதே சத்தம் கேக்கும். அந்த நிலையில் ஒரு சளிக்கட்டி போய் அந்த இடத்தில் அடைச்சா போதும்.

அந்த நோயாளிக்குத் தேவை கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரு சிடி ஸ்கேன், ஒரு பிராங்கோஸ்கோப்பி. அப்புறம் குறுகின இடத்தை விரிக்கணும், இல்லை அந்தத் துண்டை வெட்டி எடுத்து இணைக்கணும். எளிய ஊதுற பரிசோதனையிலேயே துப்பு கிடைக்கும். ஸ்பைரோமெட்ரி வரைபடத்தில் மேடு பள்ளமா இருக்க வேண்டிய வளைவு மேஜை மாதிரி தட்டையா வரும். ஆனா அந்தப் பரிசோதனையை யார் எழுதுறா? மெஷின்தான் பக்கத்துலயே இருக்கே!

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். இந்த நோயாளிகளுக்கும் மூடுபனி உதவும். உப்புத் தண்ணி நெபுலைசேஷன் காய்ஞ்சு ஒட்டின சளியை இளக்கும். அட்ரினலின் நெபுலைசேஷன் வீக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்கு வடிய வைக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போற வரைக்கும் அவகாசம் வாங்கித் தரும். அடைப்பு எங்கேன்னு தெரிஞ்ச பிறகு, என்ன மருந்துன்னு யோசிச்சு வைக்கிறது அது. அதைத்தான் நானும் கேக்கறேன்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? நீங்க டாக்டர் ஆக வேண்டாம். சத்தம் எப்ப வருதுன்னு மட்டும் கவனிங்க. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து விசில் மாதிரி வந்தா அது பெரும்பாலும் கடைமடை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டைப் பக்கமிருந்து கரகரன்னு வந்தா தலைமடையைச் சந்தேகப்படணும். அடைப்பு முத்தினா ரெண்டு பக்கமும் சத்தம் வரும். போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, சட்டையைக் கழட்டிட்டு, சத்தத்தோட. எங்ககிட்ட வரும்போது சத்தம் அடங்கியிருக்கும். அந்த வீடியோ ஆயிரம் ரூபாய் டெஸ்டை விட உதவும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வர்றேன். இதுலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

நடுராத்திரி, நாய் குரைக்கிற மாதிரி இருமல், குரல் கம்மல், மூச்சு இழுக்கும்போது சத்தம். இதுக்கு குரூப்னு பேர். வைரஸ்தான் காரணம். குரல்நாணுக்குக் கீழே வீக்கம். கைக்குழந்தைக்கு அந்த இடத்தோட விட்டமே நாலு மில்லிமீட்டர் அளவுதான். சுத்திலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினா முக்கால்வாசி வழி அடைஞ்சிடும். இதுக்கு சால்பியூட்டமால் புகை பிரயோஜனப்படாது. வேலை செய்யுறது டெக்சாமெத்தசோன், வாய் வழியா ஒரே ஒரு டோஸ். மூச்சுத் திணறல் அதிகமா இருந்தா ஆஸ்பத்திரியில் வெச்சு அட்ரினலின் நெபுலைசேஷன். அதோட பலன் ரெண்டு மணி நேரத்தில் வடிஞ்சிடும். அதனாலதான் "இப்ப நல்லாருக்கானே, கூட்டிட்டுப் போறோம்"னு நீங்க கிளம்பும்போது நாங்க விடுறதில்லை. அப்புறம், அடுப்புல தண்ணி கொதிக்க வெச்சு குழந்தைக்கு ஆவி பிடிக்காதீங்க. குரூப்புக்கு ஈரக் காத்து கொடுத்து சோதிச்சுப் பாத்தாச்சு. பலன் இல்லை. கொப்பளத்தோட வர்ற குழந்தைகள்தான் மிச்சம்.

இன்னொண்ணு. நல்லா விளையாடிட்டு இருந்த ரெண்டு வயசுக் குழந்தை. திடீர்னு ஒரு புரை ஏறுது, பயங்கர இருமல், அப்புறம் அடங்கிடுது. மறுநாளிலிருந்து "வீஸிங்". பத்து நாளா புகை. யாராவது கேட்டாங்களா, அந்தப் புரை ஏறும்போது வாயில் என்ன இருந்துச்சுன்னு? வேர்க்கடலை. இல்லைன்னா பொட்டுக்கடலை, சீத்தாப்பழ விதை. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் கேட்டாலே சந்தேகம் வரணும். கடலை புகையில் கரையாது. பிராங்கோஸ்கோப்பி செஞ்சு எடுக்கணும். நாள் ஆக ஆக அது ஊறி, சுத்தி சதை வளந்து, எடுக்கிறது கஷ்டமாகும், பின்னால் நிமோனியாவும் வரும்.

ஒரு வயசுக்குள்ளே முதல் தடவை வர்ற பிராங்கியோலைட்டிஸுக்கும் இதே கதைதான். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமி 2014-லேயே சால்பியூட்டமால் கொடுக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. மூக்கைச் சுத்தம் பண்ணி, பால் குடிக்க வெச்சு, தேவைப்பட்டா ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருக்கணும். காத்திருக்கிறதுக்கு பில் போட முடியாது. பெற்றோருக்கும் "ஒண்ணுமே பண்ணல"ன்னு தோணும். அதனால மோட்டார் ஓடுது.

சரி டாக்டர், எங்க பையனுக்கு நிஜமாவே ஆஸ்துமா. அப்ப புகை வைக்கலாம்ல?

இங்கதான் முதல் கேள்வி வருது. உள்ளே என்ன மருந்து?

சால்பியூட்டமால் இறுக்கத்தைத் தளர்த்தும். உள்சுவர் வீக்கத்தைத் தொடவே தொடாது. ஆஸ்துமாவோட வேர் அந்த வீக்கம்தான். ஒழுகுற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற மாதிரி இது. தரை நனையாது, ஓட்டை பெருசாயிட்டே இருக்கும். அதனாலதான் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வெறும் ரிலீவர் மட்டும் கொடுத்து ஆஸ்துமாவை நடத்தக் கூடாதுன்னு 2019-இல் தெளிவா சொல்லிடுச்சு. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு கூட இருக்கணும்.

பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு அறிக்கை வந்தது. 195 பேர். அதில் ரிலீவர் மருந்து எவ்வளவு வாங்கினாங்கன்னு விவரம் கிடைச்சது 165 பேருக்கு. அவர்களில் 65 பேர் சாவதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் 12-க்கும் மேற்பட்ட ரிலீவர் இன்ஹேலர் எழுதி வாங்கியிருக்காங்க. மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல! அத்தனை தடவை மூச்சு முட்டியிருக்கு. அத்தனை தடவையும் வாளிதான் வெச்சிருக்காங்க.

நம்ம நிலைமை? உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர்தான் இந்தியாவில். ஆனா ஆஸ்துமா சாவுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கே. மருந்து இல்லாத நாடா இது? உலகத்துக்கே இன்ஹேலர் செஞ்சு அனுப்புற நாடு!

அப்ப ஏன்? இன்ஹேலர்னு சொன்னதும் நம்ம வீடுகளில் வர்ற பதிலைக் கேளுங்க. "இன்ஹேலரா? வேண்டாம் டாக்டர், பழகிடும்." "அது கடைசி ஸ்டேஜ்ல குடுக்கிறதாச்சே." "பொண்ணுங்க டாக்டர், நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல தெரிஞ்சா?" அதே வாயால அடுத்து, "புகை மட்டும் வெச்சு விடுங்க, அது பவர் கம்மிதானே."

பவர் கம்மியா? கணக்கு போடுவோம். எல்லாம் ஒரே மருந்து, சால்பியூட்டமால். இன்ஹேலரில் ஒரு அழுத்து அழுத்தினா 100 மைக்ரோகிராம். நீங்க பயப்படாம கொடுக்கிற 4 மில்லிகிராம் மாத்திரையில் 4000. நெபுலைசருக்கு ஊத்துற குட்டி குப்பியில் 2500. அதாவது ஒரு "புகை"யில் 25 அழுத்துக்கான மருந்தை ஊத்துறீங்க! அதில் பெரும்பகுதி கப்பிலேயே தங்கும், காத்துல போகும், கன்னத்தில் படியும். உள்ளே போறது கொஞ்சம்தான். குழந்தை அழுதா இன்னும் குறைவு. "அழுதா நல்லா இழுக்கும்"னு சொல்றது தப்பு. மாஸ்க்கை மூஞ்சியிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிச்சா சுத்தமா வேஸ்ட், சோபாவுக்குத்தான் வைத்தியம்.

இன்ஹேலரோட ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குடுவை, குழந்தைக்கு அதோட ஒரு மாஸ்க். அவ்வளவுதான் தேவை. ஆஸ்துமா திடீர்னு முத்தி அவசரப் பிரிவுக்கு வந்தவங்களில் இந்த முறையையும் நெபுலைசரையும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒப்பிட்டுப் பாத்திருக்கு. ஸ்பேசர் எந்த வகையிலும் சளைக்கல. குழந்தைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரம் குறைஞ்சது, நாடித்துடிப்பு எகிறுறதும் குறைஞ்சது. ஸ்பேசர் சில நூறு ரூபாய். கரண்ட் வேண்டாம். பள்ளிக்கூடப் பையில் போகும்.

ஒரு சின்ன வரலாறு. நெபுலைசர்தான் புதுசு, இன்ஹேலர் பழசுன்னு பலர் நினைக்கிறாங்க. தலைகீழ். 1950-களில் ரப்பர் பந்தை அமுக்கி ஊதுற கண்ணாடி நெபுலைசரோட அல்லாடிக்கிட்டிருந்தா ஒரு பதின்மூணு வயசு ஆஸ்துமாக்காரப் பொண்ணு. ஹேர் ஸ்ப்ரே மாதிரி டப்பாவில் இதை அடைச்சுத் தரக் கூடாதான்னு அப்பாகிட்ட கேட்டா. அப்பா ஜார்ஜ் மெய்சன், ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர். 1956-இல் அளவு அழுத்தும் இன்ஹேலர் சந்தைக்கு வந்துடுச்சு. நெபுலைசர் படுத்துன பாட்டுல பொறந்ததுதான் இன்ஹேலர். நாம அதை ஒளிச்சு வெச்சிட்டு மெஷினுக்கு வரிசையில் நிக்கிறோம்.

மருத்துவர்கள் பக்கமும் திரும்பறேன். இன்ஹேலர் பிடிக்கிற முறையைச் சொல்லித் தர பத்து நிமிஷம் ஆகும். வெளியே நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. நர்ஸைக் கூப்பிட்டு "நெப் போடும்மா"ன்னு சொல்ல ரெண்டு செகண்ட். அதுக்கு நூறோ இருநூறோ தனியா வாங்கவும் முடியும். நோயாளிக்கும் சந்தோஷம். மோட்டார் சத்தம் கேட்டுச்சு, புகை வந்துச்சு, ஏதோ நடந்துச்சுன்னு. யாரையும் கெட்டவங்கன்னு சொல்லல. ஆனா ஒரே குழந்தைக்கு ஒரே வருஷத்தில் ஆறாவது தடவை புகை வைக்கும்போது, "இது ஏன் திரும்பத் திரும்ப வருது?"ன்னு கேக்க வேண்டியது நம்ம கடமை இல்லையா?

2021 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்க அலைஞ்ச நேரம். மருந்தே இல்லாத நெபுலைசரை மாட்டிக்கிட்டா ஆக்சிஜன் கிடைக்கும்னு ஒரு வீடியோ வாட்ஸப்பில் பறந்தது. வீட்டு மெஷின் ஊதுறது அறையில் இருக்கிற அதே காத்து. அதே 21 சதவீத ஆக்சிஜன். மின்விசிறிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. அதையும் நம்பி மாட்டிக்கிட்டவங்க இருந்தாங்க. மெஷின் மேல நமக்கு இருக்கிற பக்தி அப்படி. வெளிநாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊத்தி இழுத்தாங்க. நம்ம ஊர்ல தைலம் ஊத்துறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். எண்ணெய்ப் பொருள் நுரையீரலுக்குள்ளே போனா அதுவே ஒரு நிமோனியா. குழாய்த் தண்ணியும் ஊத்தாதீங்க. கிருமியை நேரா நுரையீரலுக்கு அனுப்புற வேலை அது.

அப்ப மெஷினைத் தூக்கிப் போட்டுடவா? வேண்டாம். உயிர்போற மாதிரி ஆஸ்துமா முத்தி, ஆக்சிஜனோட சேர்த்து மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் அது வேணும். கை நடுங்கி இன்ஹேலரை அமுக்க முடியாத, பீடியால நுரையீரல் கெட்டுப்போன தாத்தாவுக்கு வேணும். டாக்டர் பேர் போட்டு, அளவு போட்டு, எத்தனை நாள்னு போட்டு எழுதிக் கொடுத்திருந்தா வைங்க. எழுதாம வைக்கிறது, போன மாசக் குப்பியை இந்த மாச இருமலுக்கு ஊத்துறது, அக்கா பையனுக்கு எழுதினதைத் தம்பி பொண்ணுக்கு வைக்கிறது, இதைத்தான் நிறுத்தச் சொல்றேன்.

வீட்டில் மெஷினை நம்பி உக்காந்திருக்கக் கூடாத நேரங்களையும் சொல்லிடறேன். ஒரு முழு வாக்கியம் பேச முடியலை. விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே இழுக்குது. குழந்தை பால் குடிக்கலை, சோர்ந்து கிடக்குது. உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு. உக்காந்திருக்கும்போதே மூச்சு இழுக்கிறப்ப சத்தம். ரிலீவர் எடுத்தும் நாலு மணி நேரம் தாங்கலை. இதில் எது இருந்தாலும் 108. முக்கியமா ஒண்ணு: திணறிக்கிட்டிருந்தவருக்குத் திடீர்னு விசில் சத்தம் நின்னு, ஆள் மயங்குற மாதிரி ஆனா அது குணமில்லை. காத்தே போகலைன்னு அர்த்தம்.

ஆஸ்துமான்னு உறுதியானவங்க, வண்டி வர்ற வரைக்கும் ஸ்பேசரில் ரிலீவர் எடுக்கலாம். ஒரு அழுத்து, நாலஞ்சு மூச்சு, மறுபடி அடுத்த அழுத்து. பெரியவங்களுக்கு 4 முதல் 10 வரை. குழந்தைக்கு எத்தனைன்னு உங்க டாக்டர்கிட்ட இப்பவே எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைங்க. இன்பாக்ஸில் என்கிட்ட டோஸ் கேக்காதீங்க. குழந்தையைப் பாக்காம சொல்ல மாட்டேன்.

ஸ்பேசர் வாங்கினவங்களுக்கு ஒரு விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டாங்க. புதுசா வாங்கினதும், அப்புறம் மாசம் ஒரு தடவையாவது, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில் முக்கி எடுத்து அப்படியே காய வைங்க. துணியால உள்ளே துடைக்காதீங்க. துடைச்சா பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்து பூரா சுவரிலேயே ஒட்டிக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும். மாஸ்க் வெச்ச குழந்தைன்னா மூஞ்சியையும் ஈரத் துணியால துடைச்சு விடுங்க.